கடல் உப்பான கதை

கண்டக்குழியில் டொல்பின் பார்க்கக் கூட்டிப்போகும் படகோட்டி அவர். செம்பட்டைத் தாடி, தொப்பை. டொல்பின் வராத காலைகளில் எஞ்சினை நிறுத்துவார். கடல்நீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டு, "உங்கட ஊர்ல கடல் ஏன் உப்பெண்டு சொல்ற?" என்று பயணிகளைக் கேட்பார்.

அன்று ஒரு வெள்ளைக்காரர், கடலடியில் ஓயாமல் உப்பு அரைக்கும் திரிகையைச் சொன்னார். இன்னொருத்தி, மனிதர்களின் பாவத்துக்காக அழுத தெய்வத்தைச் சொன்னாள்.

"ஒண்டு விளங்கப்படுத்துற கதை. மத்தது வெருட்டுற கதை. சிரிக்க ஒண்டும் இல்லியே" என்று என்னைப் பார்த்தார்.

நான் கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் வண்ணாத்திவில்லுக்காரன், எங்களுக்குத் தெரிந்தது தோட்டம்தான். ஆனாலும், உப்புக் கூடிய கறியை மாமியார் பார்க்குமுன் கடலில் கொட்டிய மருமகள் கதையொன்றை அந்த இடத்திலேயே இட்டுக்கட்டினேன். படகு ஆடும்படி சிரித்தார்.

மறுவருடம் மனைவியோடு போனேன். அன்றும் டொல்பின் இல்லை.

"வண்ணாத்திவில்லு ஆக்கள்ட ஆயிரம் வருஷத்துக் கதை ஒண்டு இரிக்கி" என்று தொடங்கினார். இப்போது அது திருக்கை மீன் கறியாகியிருந்தது. மாமியார் கரைவரை துரத்தி வர, மருமகள் கடலுக்குள் ஒளிந்துகொண்டாள். மாமியார் போய்விட்டாளா என்று பார்த்து அவளுக்குச் சொல்லத்தான் டொல்பின்கள் இன்றும் எட்டிக் குதிக்கின்றனவாம்.

"உங்கட ஊர்க் கதையா?" என்று மனைவி என்னைக் கேட்டாள்.

"ஓம். சின்ன வயசுல எங்கட உம்மா சொல்லுவா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாரா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாரா என்று இன்றுவரை தெரியவில்லை.