தாளிக்கும் வாசனை வராத காலை

உலகத்தில் எங்கே எது நடந்தாலும் அது கடைசியில் என் வீட்டு விலாசத்தைத்தான் விசாரித்துக்கொண்டு வரும் என்பது என் நெடுநாள் நம்பிக்கை. எங்கோ ஒரு பெரிய வங்கி படுத்துவிட்டது என்று செய்தி வந்தபோது, அதற்கும் எனக்கும் நடுவில் இரண்டு சமுத்திரங்கள் இருந்தும், அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கினேன். பணம் வைத்தது வைத்தபடி இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. இனிமேல் கணக்கையெல்லாம் இயந்திரமே எழுதிவிடும், கணக்கர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று இன்னொரு நாள் படித்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அலுவலகக் கம்ப்யூட்டரிடம் மரியாதையாக நடந்துகொண்டேன். விசைகளைக்கூட மெதுவாகத்தான் தட்டுவது. நாளைக்கு அதுவே மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தால் நம்மை நல்லவிதமாக ஞாபகம் வைத்திருக்க வேண்டுமே.

நான் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு. கப்பல் போகும் ஊரெல்லாம் எனக்கும் மாற்றல் வரும். விசாகப்பட்டினத்தில் என் மனைவி ரவிக்கை தைக்க ஆரம்பித்து, கையில் ஆட்கள் சேர்ந்த சமயத்தில் பாரதீப்புக்கு உத்தரவு வந்தது. பாரதீப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். கூடம் நிறையப் பிள்ளைகள் சேர்ந்ததும் கல்கத்தாவுக்கு உத்தரவு. தையல் மெஷினைக் கட்டியது போலவே கரும்பலகையையும் கோணிப்பையில் சுற்றிக் கட்டினாள்.

இந்தக் கோடையில் வந்து டாக்குரியாவில் குடியேறினோம். மூன்று மாடி வீடு. கீழே வீட்டுக்காரர், மேலே அவர் தம்பி குடும்பம், நடுவில் நாங்கள். வீட்டுக்கார அம்மாளை பௌதி என்று கூப்பிட வேண்டும் என்று வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். நம் அண்ணிதான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்று இருக்கிறது. அங்கே நம் பக்கத்துப் பெண்களும் கேரளப் பெண்களுமாகக் கொஞ்சப் பேர் காலையில் ரொட்டியும் முட்டையும் தின்று நொந்துபோயிருப்பது என் மனைவிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. விடுதித் தலைவியைப் பார்த்துப் பேசி, காலை டிபன் கொடுக்க ஆரம்பித்தாள். இட்லி, உப்புமா, பொங்கல். விடியும் முன்பே எழுந்துவிடுவாள். அடுக்கு கேரியரைத் தூக்கிக்கொண்டு அவள் படியிறங்கும்போது முதுகு நிமிர்ந்திருக்கும். அந்த நடையை நான் அதற்கு முன் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

ஆவணி முடியப்போகும் சமயத்தில், தூரத்தில் ஏதோ ஒரு கடலிடுக்கில் சண்டை என்றும் எரிவாயுக் கப்பல்கள் நகர முடியாமல் நிற்கின்றன என்றும் செய்தி வர ஆரம்பித்தது. நான் காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன்னால் அந்தக் கப்பல்களை ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அதாவது போனில். கப்பல் நகராவிட்டால் சிலிண்டர் வராது, சிலிண்டர் வராவிட்டால் இட்லி வேகாது. மனைவியிடம் சொன்னால், "வந்தா பாப்போம்" என்பாள். பொறுப்பில்லாதவள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் மாலையில் மேலும் கீழும் இரண்டு வீடுகளிலும் தடபுடலாகச் சமையல் நடந்தது. கடுகெண்ணெயில் பொரிக்கிற வாசனை படிக்கட்டில் இடம்பிடித்து உட்கார்ந்துகொண்டது. நாளைக்கு ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று மனைவி சொன்னாள். நான் கப்பலில் இருந்தேன், காதில் வாங்கவில்லை.

மறுநாள் விஸ்வகர்மா பூஜை, நம் ஆயுத பூஜை மாதிரி. எனக்கு விடுமுறை. ஆட்டோ நிறுத்தத்தில் ஒலிபெருக்கி, வானம் முழுக்கக் காற்றாடி. விடுதிக்கு டிபன் கொடுத்துவிட்டு மனைவி அப்படியே உளுந்தும் கறிவேப்பிலையும் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நான் சாய்வு நாற்காலியில் இருந்தேன். நேரம் போகப் போக என்னவோ குறைகிறது என்று தோன்றியது. வீட்டில் தாளிக்கும் வாசனை இல்லை. குக்கர் சத்தம் இல்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

கீழே இறங்கிப் போனேன். பௌதியின் சமையலறைக் கதவு திறந்திருந்தது. கேஸ் அடுப்பு துடைத்து வைத்தாற்போல் பளிச்சென்று இருந்தது, பாத்திரம் எதுவும் மேலே இல்லை. வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து, தண்ணீர் ஊற்றிய பழைய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மூன்று மாடி வீட்டின் சொந்தக்காரர், பழைய சோறு. இன்றைக்குச் சமையல் கிடையாது என்று பௌதி சிரித்துக்கொண்டே சொல்லி, எனக்கும் ஒரு கிண்ணத்தில் போட்டு, ஓரத்தில் ஒரு கீரையும் வைத்துக் கொடுத்தாள். ஏன் சமையல் இல்லை என்று நான் கேட்கவில்லை. உலகத்துக்கே தெரிந்ததை நான் மட்டும் கேட்பானேன்? மேலே தம்பி வீட்டிலும் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. முந்தின நாள் மாலை நடந்ததெல்லாம் எனக்கு அப்போது விளங்கியது. விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிற கேஸை வைத்து முன்கூட்டியே பொரித்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு, கஷ்டத்தை மறைக்கும் கௌரவமான குடும்பத்தின் சிரிப்பு. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நான் வேகமாக இயங்கினேன். என் வாழ்க்கையில் நான் வேகமாக இயங்கிய காரியம் எதுவும் நல்லபடியாக முடிந்ததில்லை. எங்கள் சிலிண்டரைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் விடுதித் தலைவிக்குப் போன் போட்டேன். கேஸ் நிலைமை மோசம், நாளையிலிருந்து டிபன் வராது, நிலைமை சரியானதும் சொல்லி அனுப்புகிறோம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். பிறகு கடைத்தெருவுக்கு ஓடி, தகர வாளிக்குள் களிமண் பூசிய கரி அடுப்பு ஒன்றும் ஒரு மூட்டைக் கரியும் வாங்கி ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பால்கனியில் வைத்து, பழைய செய்தித்தாளைக் கிழித்துப் போட்டுப் பற்றவைத்தேன். தீ வரவில்லை. புகை வந்தது. என் தகுதிக்கு மீறின புகை.

விசிறிக்கொண்டிருக்கும்போதே போனில் எங்கள் தமிழ்க் குழுவில் செய்தி வந்து விழுந்தது. டாக்குரியா பகுதியில் கேஸ் அறவே இல்லை, பல வீடுகளில் சமையல் நின்றுவிட்டது, நம்பத்தகுந்த இடத்திலிருந்து வந்த தகவல். அடியில் கும்பிடும் கைகள். நான் சொன்னது சரியாகிவிட்டதில் ஒரு சந்தோஷம்கூட வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்த நேரம் பார்த்து மனைவி பையோடு வந்தாள். போனை நீட்டினேன்.

"பாத்தியா? குரூப்லயே வந்துருச்சு."

அவள் படித்தாள். புகையைப் பார்த்தாள். "இதை யாரு போட்டது?"

"அந்த விடுதியில இருக்குல்ல, மதுரைப் பொண்ணு, அது."

"அதுக்கு யாரு சொன்னது?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது என் வாயருகே வந்து நின்ற சமயத்தில், புகையைப் பார்த்துவிட்டுப் பௌதி மேலே ஓடிவந்தாள். கரி அடுப்பையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் வங்காளத்தில் சொன்னதை, விடுதிக்குப் போய் வந்தே அந்தப் பாஷையைப் பழகியிருந்த மனைவி எனக்குத் தமிழில் சொன்னாள். இன்றைக்கு அரந்தன். இவர்கள் வீட்டு வழக்கத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் அடுப்புக்கு ஓய்வு. முந்தின நாளே சமைத்து வைத்துவிடுவார்கள். இன்று அடுப்பைத் துடைத்துக் கும்பிட்டுவிட்டு, ஆறின சோறுதான் சாப்பிடுவார்கள். கேஸ் சிலிண்டர் இரண்டு இருக்கிறது, வேண்டுமானால் ஒன்றைத் தருகிறேன் என்று பௌதி சொல்கிறாளாம்.

பௌதி இறங்கிப் போனதும் மனைவி பையைக் கீழே வைத்தாள்.

"விடுதிக்கு என்ன சொன்னீக?"

சொன்னேன்.

"இதுவரைக்கும் சர்க்காரு உத்தரவு வந்துதான் என் வேலை நின்னுச்சு. இந்தத் தடவை அதுவும் வேண்டியதில்லாம போச்சு."

சொல்லிவிட்டு முகம் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து செருப்பை மாட்டினாள். நானும் கிளம்பினேன். வரலாம், வாயைத் திறக்கக் கூடாது என்றாள்.

விடுதித் தலைவி கண்டிப்பான மனுஷி. ரொட்டிக்காரரிடம் மறுபடி சொல்லியாயிற்று, நாளையிலிருந்து அவர் வருவார், பெண்கள் வேலைக்குப் போகிறவர்கள், வருமா வராதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றாள். நியாயம்தான். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன், மனைவி என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டினாள். அவள் வங்காளம் எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் தலைவியை அக்கா என்பதுபோல் தீதி என்று கூப்பிட்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள், அதனால் அன்று முழுக்கப் புரிந்தது.

"கேஸ் எப்பவும் கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன், தீதி. அது என் கையில இல்ல. இருக்கிற வரைக்கும் நேரத்துக்குச் சாப்பாடு வரும். இல்லாமப் போனா, முந்தின நாளே நானே வந்து உங்க முன்னாடி நின்னு சொல்லுவேன். வேற யாரு சொன்னாலும் நம்பாதீங்க."

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ நிபுணர்கள் பேசியதைப் படித்திருக்கிறேன். வரப்போகும் கஷ்டத்தை இல்லை என்றும் சொல்லாமல், வந்துவிட்டது என்றும் அலறாமல் ஒருத்தர் பேசி நான் கேட்டது அன்றுதான். செய்தியை நான் எப்போதும் எனக்கு வந்த தந்தி போலவே படித்திருக்கிறேன். அந்தக் கப்பல்களில் சிக்கிக் கிடக்கிறவர்களைப் பற்றி ஒரு நாளாவது நினைத்தேனா என்று பார்த்தால், இல்லை. என் சிலிண்டர், என் இட்லி, என் பாஸ்புக். இவ்வளவு பயந்தும் யாருக்காகவும் பயந்ததில்லை. பக்கத்திலேயே ஒருத்தி பிடித்து நின்றுகொண்டிருந்த கொம்பை அந்தப் பயத்திலேயே நான் வெட்டியிருந்தேன்.

தலைவி எழுந்து வந்து அந்தக் காலண்டரில் விரல் வைத்து எண்ணினாள். ரொட்டிக்காரருக்குக் கொடுத்த வார்த்தையையும் மீற முடியாது, அதனால் ஒரு நாள் ரொட்டி, ஒரு நாள் டிபன், நாளைக்கு ரொட்டி என்றாள். மனைவி சரி என்று சொல்லிக் கும்பிட்டாள். திரும்பும் வழியில் மரங்களிலெல்லாம் அறுந்த காற்றாடிகள் தொங்கின. பாதி போயிற்று என்கிறாளா, பாதி கிடைத்தது என்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

மறுநாள் விடியும் முன் அவள் எழுந்துவிட்டாள். சமையலறை விளக்கு எரிந்தது. பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது, பிறகு அது நின்றது. இன்றைக்கு ரொட்டி நாள் என்பது ஞாபகம் வந்திருக்கும். விளக்கை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே பௌதி வீட்டில் குக்கர் கூவியது. என் போன் மேஜை மேல் இருந்தது, அதில் உலகம் முழுவதும் காத்துக்கொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை. அவள் பக்கத்தில் போய், காபி போடட்டுமா என்று கேட்டேன். நான் போடும் காபியின் யோக்கியதை அவளுக்குத் தெரியும்.

"போடுங்க" என்றாள். "பாலைப் பொங்க விட்டுராதீக."