வார்டில் கற்றுக்கொள்வார்கள்

மருத்துவக் கல்லூரி ஆபீஸில் கிளார்க் நான். எங்கள் பாடத்திட்டத்தை டெல்லி மருத்துவ ஆணையத்தின் தகவல்தளத்துக்காகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இன்று படிவம் ஒரு கேள்வியில் நின்றுவிட்டது: 'சாகப்போகும் நோயாளியிடம் பேசுவது எப்படிக் கற்பிக்கப்படுகிறது?'

"அப்படிப் பாடமே கிடையாதேப்பா. காலியா விட்டுடு" என்றார் பக்கத்திலிருந்து விவரம் சொல்லிக்கொண்டிருந்த பேராசிரியர்.

"காலியா விட்டா அடுத்த பக்கம் போக மாட்டேங்குது சார்."

"அப்போ, வார்டில் கற்றுக்கொள்வார்கள்னு அடிச்சிடு."

அடித்தேன். போனது.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் மயிலாப்பூர் பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரி வார்டுக்கே போனேன். அப்பா அங்கேதான் படுத்திருக்கிறார். இளம் டாக்டர் ஒருவர் கட்டிலருகே நின்று என்னிடம், "இனிமே இங்க வச்சுப் பிரயோஜனமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்.

அவர் போனதும் அப்பா சொன்னார்: "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதுன்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்லுடா."

டெல்லிக்குப் பொய் அனுப்பவில்லை. வார்டில்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

உங்கள் வீட்டில் யாரை வைத்துக் கற்றுக்கொண்டார்கள்?