பத்துக்கு ஆறு பிளெக்ஸில் என் மகள்

பாப்பா, தம்பி, ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படிங்க. ஒருத்தர் படித்துவிட்டு இன்னொருத்தருக்குச் சொல்ல வேண்டாம். நம்ம சொந்தத்தில் அப்படி வாய்மாறி வாய்மாறித்தான் ஒரு தும்மல் டைபாய்டு ஆகியிருக்கிறது. இதை எழுதலாமா என்று பாப்பாவிடம் முதலிலேயே கேட்டேன். "பேரு போடாதீங்க. வாந்தி எடுத்ததை ரொம்ப எழுதாதீங்க" என்றாள். அதனால் வாந்தி ஒரே ஒரு இடத்தில்தான் வரும்.

தம்பி, அப்போது உனக்கு அஞ்சு வயது. அக்கா ஏழாவது படித்தாள். பாப்பா, காலையில் எட்டு மணியானால் உனக்கு வயிறு வலிக்கும். யூனிபார்ம் போடுவாய், தலை பின்னுவாய், பையைத் தூக்கித் தோளில் மாட்டியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். ஒருநாள் இழுத்துக்கொண்டு போய் ஸ்கூல் கேட்டில் விட்டேன். கேட்டிலேயே வாந்தி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வயிற்றுக்கும் லீவு. ஸ்கேன் எடுத்தோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். சரியாக இருக்கிறது என்று சொன்னதும் எனக்கு வந்த பயம் மாதிரி அதுவரை வந்ததில்லை.

விளாங்குடியில் எம்புட்டு டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று அந்த மாதம்தான் தெரிந்தது. மாவு மில்காரர் குடல்புழு என்றார். எதிர்வீட்டு அக்கா, பிள்ளைக்குக் கண் பட்டிருக்கு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். நெடியில் தெருவே இருமியது, உன் வயிறு மட்டும் அசையவில்லை. உங்கள் மாமா போனிலேயே பார்த்து முடித்துவிட்டார்: "மச்சான், எல்லாம் இந்த செல்லால வர்றது. மொதல்ல போனைப் புடுங்குங்க." உன்னிடம் போன் கிடையாது. இருந்தாலும் வைத்தியத்தை விட மனசு வரவில்லை. என் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்தோம். பிரிட்ஜ் மெக்கானிக்குக்கு ஒரு அழைப்புகூட வரவில்லை; ரெண்டு நாள் ஊரில் எவன் வீட்டு பிரிட்ஜும் ரிப்பேர் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தோளில் துணிப்பையோடு ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். நம்ம ஏரியாவில் வீடு வீடாகப் போய், ஸ்கூல் போகாத பிள்ளைகள், கோபத்தில் பொருளை உடைக்கிற பிள்ளைகள், பேசாத பிள்ளைகள், இவர்களையும் பெற்றவர்களையும் பார்க்கிற வேலை. நீங்கள் 'பை அக்கா' என்று கூப்பிடுவீர்களே, அவர்தான். ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை சமுதாயக் கூடத்தில் உட்காருவார். மற்ற நாளில் அதே கூடத்தில் காதுகுத்து நடக்கும். அதனால் முதல் தடவை நாம் போனபோது மூலையில் வாழைமரம் ரெண்டு சாய்ந்து கிடந்தது.

அவர் உன் வயிற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை. உன்னோடு உட்கார்ந்து படம் வரைந்தார். மூன்று சனிக்கிழமை படம்தான். 'படம் வரையத்தான் கூட்டிட்டு வந்தேனா' என்று எனக்கு உள்ளுக்குள் கடுப்பு. நாலாவது தடவை நீயே சொல்லிவிட்டாய். இங்கிலீஷ் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்கிறார்கள். எழுந்ததும் எல்லாத் தலையும் திரும்புகிறது. அந்தத் தலைகள் திரும்புகிற நேரம்தான், எழுத்து எல்லாம் ஓடிவிடுகிறது.

பிரிட்ஜில் சத்தம் ஒரு இடத்தில் வரும், கோளாறு இன்னொரு இடத்தில் இருக்கும். பதினெட்டு வருஷமாக அந்த வேலை பார்க்கிறவன், பெற்ற பிள்ளை விஷயத்தில் சத்தம் வந்த இடத்தையே தட்டிக்கொண்டிருந்தேன்.

பை அக்கா ஸ்கூலுக்குப் போய் டீச்சரிடம் பேசினார். இப்போதைக்கு எழுந்து வாசிக்க வேண்டாம். முதலில் இன்டர்வெல் மணி வரைக்கும் போகணும். பழகினதும் சாப்பாட்டு மணி வரைக்கும். அதற்குப் பிறகு முழுநாள். ஒன்றரை மாதத்தில் நீ சாப்பாட்டு மணி வரைக்கும் வந்துவிட்டாய். ரெண்டு கிலோமீட்டர் தூரத்தில் அந்த மணி அடித்தால் எனக்குப் பட்டறையில் கேட்கிற மாதிரி இருக்கும்.

பிள்ளைகள் கூடத்துக்குள்ளே படம் வரையும்போது, பை அக்கா பெற்றவர்களை வெளியே உட்கார வைத்து ஒரு கூட்டம் நடத்துவார். மனசில் இருப்பதைப் பேசணும் என்பது ஏற்பாடு. நாங்கள் பேசினோம்.

"எம்மவன் ரெண்டு மாசமா ஸ்கூல் போகல மேடம்."

"ரெண்டு மாசந்தானா? எங்க வீட்டுல மூணு மாசம். டிவியவே உடைச்சுட்டான்."

"எத்தனை இஞ்ச் டிவி?"

நாற்பத்திமூணு இஞ்ச் என்றதும் முதல் ஆள் வாயை மூடிக்கொண்டார். அவர் மகன் உடைத்தது வெறும் மிக்ஸிதான். போட்டியில் தோற்ற முகத்தோடு அவர் டீ வாங்கப் போனார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நம்ம குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு ஒரு யோசனை வந்தது. மின்வாரியத்தில் இருந்து ரிட்டயர்டு ஆனவர். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனுஷர், அதுதான் வினையே. நம்ம மதுரையில் எதற்குப் பிளெக்ஸ் வைக்கவில்லை? புது பைக் வாங்கினால் வைக்கிறோம். அவனியாபுரத்தில் மாடு பிடித்தவனுக்கும் பிளெக்ஸ், பிடிபடாத மாட்டுக்கும் பிளெக்ஸ். இம்புட்டு நல்ல காரியம் நம்ம தெருவில் நடக்கிறது, ஒரு பிளெக்ஸ் இல்லையே என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது.

"மாப்ள, பிள்ளை போட்டோ ஒண்ணு வாட்ஸப்புல தட்டி விடு" என்றார்.

"எதுக்குண்ணே?"

"பிளெக்ஸுக்குத்தான். நம்ம பிள்ளைகளை நாமளே தூக்கி விடலேன்னா வேற எவன் தூக்கி விடுவான்?"

நான் அனுப்பினேன். இங்கேதான் நீங்கள் ரெண்டு பேரும் கவனமாகப் படிக்கணும். யோசிக்காமல் அனுப்பவில்லை. யோசித்து, மூன்று போட்டோவைத் தள்ளி, சித்தி கல்யாணத்தில் நீ மஞ்சள் பட்டுப்பாவாடையில் சிரிக்கிற போட்டோவை எடுத்து அனுப்பினேன். நம்ம குடும்பத்தில் யார் முகமும் அதுவரை பிளெக்ஸில் வந்ததில்லை. எனக்கு அம்புட்டு சந்தோஷம்.

அடுத்த சனிக்கிழமை உன்னை ஸ்கூட்டரில் வைத்துக் கூட்டிப் போனேன். கூடத்து வாசலில் பத்தடிக்கு ஆறடி. நடுவில் செயலாளர், கூலிங்கிளாஸ் போட்டு, காதில் போனோடு. அவருக்குப் பின்னால் ஒரு சிங்கம். மேல் மூலையில் ஒரு மூளை, அதிலிருந்து நாலு பக்கமும் வெளிச்சம் அடித்தது. பை அக்கா படம் கிடைக்கவில்லையாம். அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைக்காரப் பெண் டாக்டர் ஸ்டெதஸ்கோப்போடு சிரித்தார். கீழே வட்டம் வட்டமாக ஆறு பிள்ளைகள். 'மனநலச் சிகிச்சையில் வெற்றிநடை போடும் எங்கள் சிங்கக்குட்டிகள்' என்று கொட்டை எழுத்து. மூன்றாவது வட்டத்தில் நீ.

நாலு தலை திரும்பினாலே தாங்காத பிள்ளை. திண்டுக்கல் ரோட்டில் போகிற பஸ்ஸில் இருந்துகூடப் பார்க்கிற மாதிரி கட்டியிருந்தார்கள்.

நீ இறங்கவில்லை. முகத்தை என் முதுகில் அழுத்திக்கொண்டாய். சட்டை நனைந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டாய்: "யாருப்பா போட்டோ குடுத்தது?"

"அந்த ஆளுக்கு எங்கிட்டு இருந்து கெடச்சுச்சோ" என்றேன். அத்தோடு விட்டேனா? "இருடா, நான் போயி நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்" என்று சட்டையை மடித்துக்கொண்டு கிளம்பினேன். போய் அவர் வீட்டில் ஏலக்காய் டீ குடித்தேன். "அண்ணே, பிள்ளை சங்கடப்படுது, கழட்டிருவமா?" என்று மெதுவாகக் கேட்டேன். பை அக்காவும் முன்னாடியே அவரிடம் கழட்டச் சொல்லியிருக்கிறார். "கழட்டுறதா? ஒரு வாரம் நிக்கட்டும் மாப்ள. அடிக்கிற காத்துல தானா கிழிஞ்சிரும்" என்று பிஸ்கட்டை நீட்டினார். திரும்பி வந்து, அவரைக் கிழித்துத் தொங்கவிட்டதாக உன்னிடம் சொன்னேன். நீ நம்பினாய்.

திங்கட்கிழமை வயிற்று வலி. செவ்வாயும். சாப்பாட்டு மணி, இன்டர்வெல் மணி, எல்லாம் போச்சு. இனிமேல் கூடத்துக்கும் வர மாட்டேன் என்றாய். பை அக்கா வீட்டுக்கு வந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் அவர். அரைமணி நேரம் ஆகியும் கதவு திறக்கவில்லை. பிறகு வாசலுக்கு வந்து என்னிடம் கேட்டார்.

"போட்டோ யாருண்ணே குடுத்தது?"

அவரிடம் பொய் வரவில்லை. "நாந்தான் மேடம்."

"அவளுக்குத் தெரியுமா?"

"சொன்னா அப்புறம் என்னைய நம்ப மாட்டா மேடம்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்க சொன்னதை நம்பித்தான் வெளிய வரப் பயந்து கெடக்கா. எவனோ தெரியாதவன் கையில தன் போட்டோ இருக்குன்னு" என்றார். போய்விட்டார்.

அன்றைக்குச் சாயந்தரம் உன்னிடம் சொன்னேன். போட்டோ கொடுத்தது, டீ குடித்தது, பிஸ்கட் வரைக்கும். நீ அழுவாய் என்று நினைத்தேன். அழவில்லை. ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. எல்லாம் தம்பி வழியாகத்தான்.

"அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."

தம்பி, நீ அதற்கு மேலே ஒரு வரி சேர்த்துக்கொண்டு வந்தாய்: "அப்பா, சாப்பிட வரணுமாம். பிஸ்கட் இல்லையாம்."

மூன்றாம் நாள் நீயே வந்து நின்றாய். "நீங்கதான் கழட்டணும். பகல்ல. நான் பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பட்டறை ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். நீ துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கத்து மருந்துக் கடை ஓரத்தில் நின்றாய். நான் ரெண்டு படி ஏறுவதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். "அண்ணே, மேல் முடிச்சை மொதல்ல அவுக்காதீங்க", "மாப்ள, பிளேடு இருக்கா?", "அந்தப் பிளெக்ஸை எனக்குக் குடுங்க, மாட்டுக் கொட்டகை ஒழுகுது" என்று ஆளாளுக்கு ஒரு வேலை. செயலாளர் லுங்கியோடு ஓடி வந்தார்.

"மாப்ள! என்ன பண்ற? நான் இன்னும் போட்டோ எடுத்து குரூப்புல போடல!"

ஏணியில் நின்றுகொண்டே சொன்னேன், எதிர்ப்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரி: "அண்ணே, உங்க மேல தப்பு இல்ல. பிள்ளைகிட்ட கேக்காம நாந்தான் போட்டோ குடுத்தேன். அவ மேல சத்தியமா, தெரிஞ்சேதான் குடுத்தேன்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. காது ரெண்டும் சூடாகி, முடிச்சு எந்தப் பக்கம் அவிழும் என்றே தெரியவில்லை. நீ தினமும் வகுப்பில் பட்டது இதுதான் போல என்று அந்த ஏணியில்தான் கொஞ்சம் புரிந்தது. எனக்காவது பிடித்துக்கொள்ள ஏணி இருந்தது.

செயலாளர் லுங்கியை மடித்துக் கட்டினார். பிறகு, "என் பேரன் போட்டோகூட நாலாவதா இருக்கு மாப்ள. அவனும் மூணு நாளா எங்கூடப் பேசல. அதுவும் காத்து மாதிரி தானா போயிரும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கீழ் முடிச்சை அவரே அவிழ்த்தார்.

கீழே போட்டு மடிக்கும்போது நீ ரோட்டைத் தாண்டி வந்தாய். "மொகத்தை உள்ள வச்சு மடிங்க" என்றாய். மாட்டுக் கொட்டகைக்காரர் கேட்டதற்கு, "தர மாட்டோம்" என்று நீயேதான் பதில் சொன்னாய். பத்துப் பேர் நடுவில். துப்பட்டாவுக்குள் இருந்துதான், ஆனால் பத்துப் பேர் நடுவில்.

மறுநாள் இன்டர்வெல் மணி வரைக்கும் போனாய். மறுபடியும் முதலில் இருந்துதான். சாப்பாட்டு மணிக்கு இன்னும் மூன்று வாரம் ஆனது. இப்போது ஒன்பதாவதிலும் எழுந்து வாசிப்பது உனக்குப் பிடிக்காது. வாசிக்கிறாய்.

உனக்குத் தெரியாத ஒன்று பாக்கி. பிளெக்ஸைக் கழட்டின மறுநாள், உன்னை ஸ்கூலில் விட்டதும், கோரிப்பாளையத்தில் அந்தப் பிளெக்ஸ் அடித்த கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இருக்கிற உன் போட்டோவை அழிக்கச் சொன்னேன். "நல்லாச் சிரிச்ச மொகம்ணே, வேற எதுக்காச்சும் ஆகுமே" என்றார் கடைக்காரர். அவர் அழித்து முடிக்கிற வரைக்கும் பின்னால் நின்று பார்த்தேன். வெளியே வந்து, டிராபிக்கில் ஓரமாக ஸ்கூட்டரில் உட்கார்ந்து என் போனை எடுத்தேன். பிரிட்ஜ் சர்வீஸ் என்று பேர் போட்டு, கஸ்டமர் எல்லாரும் பார்க்கிற என் வாட்ஸப் புரொபைல் படத்தில், அதே மஞ்சள் பட்டுப்பாவாடை. அதையும் உன்னிடம் கேட்டு வைக்கவில்லை. அமுக்கி எடுத்தேன். அந்த இடத்தில் கண்ணும் மூக்கும் இல்லாத சாம்பல் நிறத் தலை ஒன்று வந்து உட்கார்ந்தது. அது சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனைப் பையில் போட்டேன்.