யூரியாவுக்குக் கைதட்டிய வகுப்பு

பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குப் போக எனக்கு ஆசையில்லை. பி.எட். செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராகப் போட்டார்கள், கடந்த மார்ச்சில் போனேன். நாள் குறித்த கல்லூரி முதல்வர் உள்ளூர்க்காரர். அன்றைக்கு ஊர் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

கிளாம்பாக்கத்தில் காலை ஐந்தரைக்கு அரசுப் பேருந்து ஏறினேன். நாலே கால் மணி நேரம். பௌர்ணமியில் ஊருக்குள் விடமாட்டார்கள் என்பதால் வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து அடி அண்ணாமலைப் பக்கம் தேர்வு நடக்கும் பள்ளிக்கு ஆட்டோ முந்நூறு ரூபாய்.

"ஜாஸ்தியா கேக்கறீங்களே?"

"பௌர்ணமி சார். கிரிவலமா?"

"இல்லைங்க. டீச்சர் ட்ரெய்னிங் பசங்களுக்குப் பரீட்சை வைக்க."

"அப்ப அவங்கதான் சுத்துவாங்க."

முதல்வரை எனக்குப் பழக்கம். பயிற்சி மாணவர்களை நிஜப் பள்ளியில் இன்னும் பல வாரங்கள் நிறுத்துங்கள், ஸ்மார்ட் போர்டுத் திரை எங்கே உதவும், எங்கே உதவாது என்பது அங்கேதான் புரியும் என்று ஒருகாலத்தில் பாடத்திட்டக் குழுவில் சொன்னேன். "சார் இன்னும் சாக்பீஸ் காலத்துலயே இருக்கார்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவர் இவர். அடுத்த குழுவில் என் பெயர் இல்லை. அவர் பெயர் இருந்தது. இப்போது அவர் கல்லூரியில் பயிற்சி முழுக்கக் கேமரா முன்னால்தான். சக மாணவிகள் பிள்ளைகளாக உட்கார்ந்து ஒத்திகை பார்த்த பதிலைச் சொல்வார்கள். வீடியோவைப் பதிவேற்றினால் மதிப்பெண்.

ஷமீமா என்ற பயிற்சி மாணவி ஏழாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை நடத்தினாள். ஸ்மார்ட் போர்டில் படங்கள் அழகாகவே அசைந்தன.

"செடி எதை வச்சு சாப்பாடு தயாரிக்குது?"

ஒரு சிறுமி எழுந்தாள். "யூரியா டீச்சர்."

"வெரி குட்! எல்லாரும் கைதட்டுங்க."

உடனே திரையில் 'சூரிய ஒளி' என்று விடை வந்தது. பிள்ளைகள் அதற்கும் தட்டினார்கள்.

நான் பேனாவைத் திறந்ததும் முதல்வர் காதருகே குனிந்தார். "சார், அந்தப் பொண்ணு ஜூன்ல வேலைக்குச் சேரணும். ஃபெயிலானா வேலை போயிடும். பாஸ் போட்டுடுங்க, உங்களுக்கு என்ன போச்சு?"

எனக்கு ஒன்றும் போகாது. ஜூனில் அவளிடம் உட்காரப்போகும் பிள்ளைகளுக்குப் போகும். போர்டை அணைத்துவிட்டு அதே பாடத்தை மறுபடி எடுக்கச் சொன்னேன்.

"ரூல்ல இடமில்ல சார்."

"அப்ப ஃபெயில்."

முதல்வரே போய்ப் போர்டை அணைத்தார்.

ஷமீமா அதே கேள்வியைக் கேட்டாள். அதே சிறுமி, அதே யூரியா. கைதட்டு வாங்கிய தைரியம் வேறு. தட்டுவதற்கு உயர்ந்த ஷமீமாவின் கை பாதியில் நின்றது.

"ஏன்மா யூரியான்னு சொல்ற?"

"எங்கப்பா போட்டாத்தான் பயிர் பச்சையா வருது டீச்சர்."

ஷமீமா அணைந்த போர்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னலைக் காட்டினாள்.

"அந்த மலை மேல இருக்கற மரத்துக்கெல்லாம் யாரு போய் யூரியா போடறாங்க?"

வகுப்பே ஜன்னல் பக்கம் திரும்பியது. மழை, வெயில், மண் என்று ஆளுக்கொன்றாகக் கத்தினார்கள். பாஸ் போட்டேன்.

"பாத்தீங்களா சார், நம்ம ட்ரெய்னிங்க!" என்றார் முதல்வர்.

போகிறவர்களுக்கு: கிரிவலம் நோக்கமில்லை என்றால் பௌர்ணமியைத் தவிருங்கள். கைபேசி இணையம் நகராது, ரொக்கம் வைத்திருங்கள். கல்லூரி நடத்துகிறவர்களுக்கு: போர்டு வாங்குங்கள், வேண்டாம் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. மாணவர்களைப் பள்ளிக்கும் அனுப்புங்கள்.

ஆட்டோவுக்கு நின்றபோது ஷமீமா வந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

"ரெண்டு வருஷத்துல இன்னிக்குதான் சார் ஒரு புள்ள எனக்குத் தப்பா பதில் சொல்லுச்சு" என்றாள்.