பதினான்கு பைகள்

அவரை ஊரே வால் என்றுதான் கூப்பிடும். வசவில்லை, உத்தியோகப் பெயர். மலையேறும் கூட்டத்துக்கு முன்னால் நடப்பவர் வழிகாட்டி. எல்லாருக்கும் பின்னால், ஒருவரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டு நடப்பவர் வால். இருபத்திரண்டு வருஷமாக அந்த மலையில் அவர் யாரையும் முந்தியதில்லை. பழக்கம் உடம்பில் ஊறிப்போய், கடைத்தெருவில் மனைவியோடு போனாலும் நாலடி பின்னால்தான் வருவார்.

"நான் என்ன மலையா ஏறுறேன்? பக்கத்துல வாங்க. பாக்கிறவங்க நமக்குள்ள சண்டைன்னு நினைச்சுக்குவாங்க" என்பாள் அவள்.

"நீ நட. நான் பின்னால இருந்தா உனக்கு என்ன பயம்?" என்பார் அவர்.

கம்பெனி விற்பது பத்து நாள் சுற்றுலா. நாலு நாள் மழைக்காடு, மூன்று நாள் மலை, மூன்று நாள் கடற்கரை. விளம்பரத் தாளில் மூன்று படங்கள் இருக்கும். கிளையில் தொங்கும் வாலில்லாக் குரங்கு, மேகத்துக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் சிகரம், நீலமாகக் கடல். வாலுக்கு வேலை முதல் ஏழு நாள்தான். காட்டில் பயணிகளின் காலில் ஏறும் அட்டைக்கு உப்பு வைப்பார், மலையில் கடைசி ஆளின் நிழலைப் பார்த்துக்கொண்டே நடப்பார். அடிவாரத்தில் கூட்டம் வேனில் ஏறிக் கடலுக்குப் போய்விடும். அவர் ஜீப்பில் வீடு திரும்புவார். ஆயிரம் பேருக்கு மேல் கடலுக்கு வழியனுப்பியவர், தாம் கடலைப் பார்த்ததில்லை. "தண்ணி மேலேயிருந்து விழுறதைத் தினம் பாக்கிறேன். அது போய்ச் சேர்ற இடத்தையும் வேற பாக்கணுமா?" என்று கேட்பார்.

அந்த ஏக்கமெல்லாம் அவருடைய மச்சினனுக்கு. மனைவியின் தம்பி, நாற்பது வயசு. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுப் பின்னறையில் இருந்தான். அதே கம்பெனியில் சுமைகாரன். முதுகில் இருபத்தைந்து கிலோ இருந்தாலும் வாய் சும்மா இருக்காது.

"வாலில்லாத குரங்கைப் பாக்க எங்கெங்கேயிருந்தோ வர்றாங்க மாமா. வாலுள்ள மனுஷன் ஒருத்தர் பின்னாலயே வர்றதை ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டேங்கிறான்" என்பான்.

"நீ குரங்கு மாதிரி முன்னால போ. வாலு ஒட்டிக்கிட்டுத்தான் வரும்" என்பார் இவர்.

வாலின் சொத்து என்று சொன்னால் ஒரே ஒரு சொல்தான். அடிவாரக் கொட்டகையில் நின்று "எல்லாரும் வந்தாச்சு" என்று அவர் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் வேன் நகரும். முதலாளியே வந்து நின்றாலும் அந்தச் சொல் இல்லாமல் ஓட்டுநர் சாவியைத் திருப்ப மாட்டார். பட்டப்படிப்புப் படித்தவர்களும் பெரிய உத்தியோகக்காரர்களும் வேனுக்குள் வாயை மூடிக்கொண்டு, இந்த மனிதரின் வாயைப் பார்த்துக் காத்திருப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவர் ஏழு நாள் நடந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

எண்ணுவதில் அவர் தாமே ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். ஆரம்பத்தில் தலைகளைத்தான் எண்ணினார். மழையில் தலைகள் ஓரிடத்தில் நிற்காது. ஒருவர் படம் எடுக்கப் போவார், ஒருவர் கழிப்பறைக்குப் போவார், ஒரே ஆள் இரண்டு முறை கணக்கில் வருவார். அதனால் கொட்டகைச் சுவரில் வரிசையாகக் கொக்கிகள் அடித்தார். வந்தவர் தம் பையைக் கொக்கியில் மாட்ட வேண்டும். வால் வந்து எண்ணும்வரை ஒரு பையும் இறங்கக் கூடாது. "தலை அசையும், பை அசையாது" என்பது அவர் வாக்கு. மலையில் யாரும் தம் பையை விட்டுப் பிரிய மாட்டார்கள். சுமைகாரர்களோ உயிரே போனாலும் சுமையை இன்னொருவன் தோளுக்கு மாற்ற மாட்டார்கள், மானப் பிரச்சினை. கம்பெனி அந்த முறையை மற்ற மலைகளுக்கும் கொண்டுபோனது. அலுவலகச் சுவரில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு பையின் தோள்வாரிலும் ஒரு விசில். மூடுபனியில் வால் ஒரு முறை ஊதினால், அவருக்கு முன்னால் போகும் ஆள் இரண்டு முறை பதில் ஊத வேண்டும். மச்சினனின் விசில் பழைய தகர விசில், ஒரு பக்கம் நசுங்கியது. சளி பிடித்த கோழி மாதிரிக் கரகரக்கும். ஆயிரம் விசிலில் அதை அவர் தனியாகப் பிரித்துச் சொல்லிவிடுவார்.

அந்த முறை ஒன்பது பயணிகள், வழிகாட்டி, நாலு சுமைகாரர்கள். மொத்தம் பதினாலு பேர், பதினைந்தாவதாக வால். கடற்கரையில் கூடாரம் அடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டதால், மச்சினனை வேனில் கடலுக்குக் கூட்டிப்போவதாக வழிகாட்டி சொல்லியிருந்தார். புறப்படும் அன்று காலையில் அவன் ஒரு காலி பாட்டிலைக் கழுவிப் பைக்குள் வைத்தான்.

"என்னடா அது?" என்று கேட்டாள் அக்கா.

"உனக்குக் கடல் தண்ணி பிடிச்சிட்டு வர."

"உப்புத் தண்ணிய வெச்சு நான் என்ன பண்ண?"

"மாமாவுக்குச் சோத்துல ஊத்து. ரோஷமாவது வரட்டும்."

காடு நல்லபடியாக முடிந்தது. குரங்கும் தரிசனம் தந்தது. சிகரத்துக்கும் ஏறினார்கள். இறங்கும் நாளில் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. பத்தடிக்கு அப்பால் வெள்ளைத் துணி கட்டியது போல் மூடுபனி. மச்சினனின் வலது முட்டி நேற்றிலிருந்தே வலிக்கிறது என்று வாலுக்குத் தெரியும். "மாப்ள, முடியலைன்னா சொல்லு" என்றார். "கடலைப் பாக்காம இந்த முட்டி மடங்காது மாமா" என்றான் அவன்.

அடுத்து நடந்ததை வால் பிற்பாடு பலர் வாயால் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டார். அன்றைக்கு அவருக்கு ஒன்றும் தெரியாது.

பயணிகளில் ஒருவன் நெட்டையன், நல்ல மனசுக்காரன். தன் சின்னப் பையை நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொண்டு, நொண்டுகிறவனின் சுமையைக் கேட்டான். மச்சினன் முதலில் மறுத்தான். முட்டி இரண்டு முறை மடங்கிய பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாகச் சுமையை இறக்கிக் கொடுத்தான். "நீங்க போங்க. பின்னால என் மாமா வர்றாரு. அவரோட மெதுவா வந்துடுறேன்" என்றான். நெட்டையன் போய்விட்டான். பையோடு விசிலும் போய்விட்டது.

மழை வலுத்தது. பாதைக்கு மேலே ஏழெட்டு அடி உயரத்தில், குடை போல் நீட்டிய ஒரு பாறை. மாமா வரும்வரை நனையாமல் இருக்கலாம் என்று தொற்றி ஏறினான். முட்டி மடங்கிற்று. ஒரு கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே இறங்கிச் சிக்கிக்கொண்டது. பக்கத்தில் ஓடை பெருகி இரைந்துகொண்டிருந்தது. கத்தியது அவன் காதுக்கே கேட்டிருக்காது.

வால் அந்த வளைவுக்கு வந்து வழக்கம்போல் ஒரு முறை ஊதினார். கீழேயிருந்து, இரைச்சலைக் கிழித்துக்கொண்டு, கரகரவென்று இரண்டு முறை பதில் வந்தது. சளி பிடித்த கோழி. 'பரவாயில்லையே, முட்டி வலியோடு நல்ல வேகமாகத்தான் போகிறான்' என்று நினைத்துக்கொண்டார். அப்போது ஒரு கூழாங்கல் மேலிருந்து வந்து அவர் காலடியில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. மண் இளகுகிறது, இங்கே நிற்கக் கூடாது என்று எட்டி நடந்தார்.

கொட்டகைக்கு வந்தபோது உடம்பில் நனையாத இடம் இல்லை. பயணிகள் வேனில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார்கள். மற்ற மூன்று சுமைகாரர்களும் வேன் கூரையில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வால் கொக்கிகளை எண்ணினார். பதினாலு. திரும்ப எண்ணினார். பதினாலு.

வழிகாட்டி வேன் கதவிலிருந்து கத்தினார். "என்ன, எல்லாரும் வந்தாச்சா?"

மச்சினன் முட்டி வலியால் கடலுக்கு வரவில்லை, வாலோடு வீட்டுக்குப் போகிறான் என்று நெட்டையன் பேச்சிலிருந்து வழிகாட்டி புரிந்துகொண்டிருந்தார். மச்சினன் வேனுக்குள் உட்கார்ந்துவிட்டான் என்று வால் புரிந்துகொண்டிருந்தார்.

"எல்லாரும் வந்தாச்சு!" என்றார் வால்.

பைகளை ஏற்றிக்கொண்டு வேன் நகர்ந்தது. ஆவி படிந்த பின்கண்ணாடிக்குள்ளிருந்து யாரோ கையாட்டினார்கள். இவரும் ஆட்டினார்.

வீட்டில் மூன்று நாள் கடந்தது. மழை விடவில்லை, மலைப்பாதையையும் மூடிவிட்டார்கள். முதல் நாளே அவள் தம்பிக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

"இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு உன் போனை எடுப்பானா? ஆசை தீரக் குளிக்கட்டும் விடு" என்றார் வால். பூட்ஸின் அடிப்பகுதிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையிலும் போட்டாள். "இந்த மழை அங்கேயும் பெய்யுதோ என்னமோ" என்றாள்.

"கடல்ல மழை பெஞ்சா யாருக்கு நஷ்டம்? எல்லாம் தண்ணிதானே."

அவளும் சிரித்துவிட்டாள். தம்பியின் அறையைப் பெருக்கினாள், போர்வையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். மழையில் அது காயவே இல்லை. "வர்றதுக்குள்ள காஞ்சிடணும்" என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

நாலாம் நாள் மதியம் வேன் கம்பெனி முற்றத்துக்கு வந்தது. வால் தொட்டித் தண்ணீரில் கயிறுகளை அலசிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் ஒரு பையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார்.

"இந்தா, உன் மச்சினன் பை. முட்டி எப்படி இருக்கு அவனுக்கு?"

"அதை நீதான் சொல்லணும். உன்கூடத்தானே வந்தான்."

"ஏன்யா, காலங்காத்தாலயே விளையாட்டா? வீட்டுல படுத்திருக்கிறவனை நான் எங்க கூட்டிட்டுப் போறது?"

"மணி ரெண்டாகுது, காலங்காத்தாலயாம்" என்று வால் சிரித்தார். ஓட்டுநர் சிரிக்கவில்லை. வாலின் சிரிப்பு பாதியில் நின்றது. "நிஜமாத்தான் கேக்குறேன். எங்க அவன்?"

வழிகாட்டி வேனிலிருந்து இறங்கி வந்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் அவர் கையிலிருந்த தாள்கள் நழுவின. "உங்ககூட வரலையா?" என்று கேட்டார். இரண்டு முறை கேட்டார்.

வால் பையைத் திறந்தார். ஏன் திறந்தார் என்று அவருக்கே தெரியாது. கூடாரத் துணிக்கு நடுவில் அந்த பாட்டில் இருந்தது, கழுத்துவரை நிரப்பி, மூடி இறுக்கி. கடலுக்கு வர முடியாதவனுக்காக நெட்டையன் பிடித்து வைத்தது. தோள்வாரில் நசுங்கிய விசில் தொங்கியது. அதைப் பார்த்தபோதுதான் வளைவில் பதில் ஊதியது வேறு யாரோ என்றும், காலடியில் விழுந்த கற்களை எறிந்தது யார் என்றும் அவருக்குப் புரிந்தது. ஈரக் கயிற்றைக் கையில் பிடித்தபடியே ஓட ஆரம்பித்தார்.

அவருக்குப் பின்னால் பத்துப் பேர் ஏறினார்கள். அன்றைக்குத்தான் அந்த மலையில் அவர் எல்லாருக்கும் முன்னால் போனார்.

பாறைக்குடையின் கீழ் அவன் பாதையைப் பார்த்தபடி சாய்ந்திருந்தான். முட்டியைத் துண்டால் கட்டியிருந்தான். கை எட்டுகிற தூரத்தில் கிடைத்த கற்களையெல்லாம் பொறுக்கி வலப்பக்கம் குவித்து வைத்திருந்தான். பாதி கீழே பாதையில் கிடந்தன. யாராவது வந்தால் எறிய என்று மிச்சம் வைத்திருந்தது பாதி.

இரண்டாம் நாள் சாயங்காலம்வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். கேட்காமலே சொன்னார். கடலில் பெய்யும் மழையைப் பேசி இரண்டு பேரும் சிரித்தது இரண்டாம் நாள் காலையில்.

கம்பெனி அவரைக் குற்றம் சொல்லவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்றார் மேலாளர். சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றிவிட்டார்கள்; ஆணி மட்டும் இருக்கிறது. அவர் அதன்பின் வேலைக்குப் போகவில்லை. வேறு ஒரு ஆளை வாலாகப் போட்டார்கள்.

மனைவி அழுதாள், ஏசவில்லை. காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீங்க கடைசியாத்தானே வருவீங்க?"

  அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து போய், கொடியிலேயே கிடந்த போர்வையை மடித்துவைத்தாள்.

பாட்டில் சமையலறை அலமாரியில் இருக்கிறது. மூடி ஓரத்தில் வெள்ளையாகக் கொஞ்சம் உப்பு படிந்திருக்கிறது. இரண்டு பேரும் அதைத் தொடுவதில்லை, தூக்கிப் போடுவதும் இல்லை.

அவர்கள் இப்போதும் வாரத்துக்கு ஒருமுறை கடைத்தெருவுக்குப் போகிறார்கள். வீட்டுப் படி இறங்கியதும் அவர் வழக்கம்போல் ஒதுங்கி நிற்பார். அவளும் நிற்பாள்.

"நீங்க முன்னால நடங்க" என்பாள்.

அவர் நடப்பார். நாலடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அவள் தரையைப் பார்த்தபடி வந்துகொண்டிருப்பாள்.