வாசலில் வந்து சொல்லாத சாவு

வசுமதி தெற்கே ஜொகூரிலிருந்து எங்கள் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அவள் புருஷன் சாமிநாதன் வேலை பார்த்த தொழிற்சாலையை அங்கே மூடிவிட்டார்கள். இங்கே கொழுந்து ஏற்றும் லாரிக்கு ஆள் தேவைப்பட்டது. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் என் பக்கத்து வீட்டைக் கொடுத்தார்கள். நான் அன்பரசி, கியா பார்ம் சந்தையில் காய்கறிக் கடை போட்டிருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று லயமே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவளுக்கு இந்த மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. பகலிலேயே கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் லயத்தில் பகலில் கதவு சாத்துகிற வழக்கமே கிடையாது. "துரை வீட்டம்மா எழுந்திரிச்சிட்டாங்களா?" என்று அவள் காதுபடவே கேட்டுச் சிரித்தார்கள். எதிர்வீட்டு அம்மாக்கண்ணு கொடுத்த பலகாரத் தட்டைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று அது ஒரு பெரிய பஞ்சாயத்து. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தர வேண்டுமாம். அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்?

ஆனாலும் அவள் ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டுத் திருத்திக்கொண்டாள். பல் கிடுகிடுக்கக் கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்திருப்பாள்.

"பழகிக்கிறேன்க்கா. பிள்ளைகுட்டி இல்லாத எங்களுக்கு நல்லது கெட்டதுக்கு நாலு மனுசங்க வேணும்ல?" என்பாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் சாமிநாதன் லாரியில் ஏறும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பாழாய்ப்போன நேரம், மகளின் பிரசவத்துக்காக நான் ஈப்போவில் இருந்தேன். அன்று சாயங்காலமே உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் மதியம் அடக்கம்.

எங்கள் லயத்தில் சாவுக்கென்று ஒரு முறை உண்டு. சாவு வீட்டிலிருந்து ஓர் ஆள் ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று சொல்ல வேண்டும். உள்ளே போகக் கூடாது, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. அப்படிச் சொல்லாத சாவுக்கு யாரும் போக மாட்டார்கள். வசுமதிக்கு இது தெரியாது. லயத்து வாட்ஸ்அப் குழுவில் புருஷன் படத்தைப் போட்டு, அடக்கம் எத்தனை மணிக்கு என்று எழுதிவிட்டாள்.

எல்லாரும் பார்த்தார்கள். கைகூப்புகிற படத்தை வரிசையாகப் போட்டார்கள். ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை.

எனக்கும் அந்தச் செய்தி வந்தது. மகளைச் சம்பந்தியிடம் விட்டுவிட்டுக் காலையில் கிளம்பினேன். பாதையில் மண் சரிந்து வண்டியெல்லாம் நின்றுவிட்டது. லயத்துக்குள் நுழையும்போது மதியம் தாண்டிவிட்டது. சவப்பெட்டி இடுகாட்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஜொகூரிலிருந்து ஒற்றை ஆளாக வந்திருந்த வசுமதியின் அண்ணன் ஒரு மூலையைத் தூக்கியிருந்தான். மற்ற மூன்று மூலையிலும் கொழுந்து பறிக்க வந்த வங்காளதேசப் பையன்கள். அவர்களுக்கு எங்கள் முறையும் தெரியாது, சாமிநாதனின் சாமியும் தெரியாது. ஒரு பொம்பளை தனியாக அழுகிற சத்தம் கேட்டு வந்திருக்கிறார்கள். சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறினார்கள்.

வீட்டுக்குள் வசுமதி தரையில் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெட்டியத் தூக்க ஆளில்லக்கா. காலையிலேருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். எல்லாரும் சன்னல்ல நின்னு பாக்குறாங்க, யாரும் வரல."

"ஏண்டி, உங்கண்ணனையாவது அனுப்பி வாசல்ல சொல்லச் சொல்லக் கூடாதா?"

"சாவு வீட்டு ஆளு அடுத்தவங்க வாசப்படிய மிதிச்சா ஆகாதும்பாங்கக்கா எங்க பக்கம். உங்க வீடுங்களுக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதேன்னுதான் போன்ல போட்டேன்."

ஐயோ என் தாயே! எங்களுக்கு ஆகாது என்றுதான் எங்கள் வாசலுக்கு வராமல் இருந்திருக்கிறாள்.

எழுந்து லயத்து நடுவில் போய் நின்று கத்தினேன். "பாவிகளா, நீங்கள்லாம் மனுசங்கதானா? நாளைக்கு உங்க வீட்டுல எழவு விழாதா? அந்தப் பையன்களுக்கு இருக்குற ஈரம் உங்களுக்கு இல்லையே!" இன்னும் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

பொழுது சாய்ந்த பிறகு வந்தார்கள், கூட்டமாக. முன்னால் கோயில் தலைவர் சின்னக்கருப்பன். வசுமதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதம்மா. ஊருக்கு ஊரு ஒரு முறை இருக்குல்ல? நீ ஒரு வார்த்தை வாசல்ல வந்து சொல்லியிருந்தா லயமே திரண்டு வந்திருக்கும் லா."

வசுமதி நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"சொன்னாத்தான் வருவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க மாமா. செத்தா வருவீங்கன்னு நெனச்சேன்."