மனேஜர் வேண்டும் என்று கேட்டவர்

போன சனிக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் மருந்து வாங்கப் போனவன், வெயில் தாங்காமல் காலி வீதியோரத்து ஜூஸ் கடையொன்றில் நுழைந்துவிட்டேன். கடைக்காரர் தோடம்பழங்களை இரண்டிரண்டாக வெட்டித் தட்டில் குவித்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு நாவூறும். கூடவே யாருக்கோ ஏதோ தீங்கு செய்துவிட்டோம் என்ற எண்ணமும் வரும். இரண்டும் ஒன்றாக ஏன் வருகின்றன என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

பக்கத்து மேசையில் இரண்டு இளைஞர்கள், ஒரே சிவப்பு ஜேர்சி. இங்கிலாந்தில் இருக்கும் தங்கள் கழகத்துக்கு ஒரு புது மனேஜரை எப்படி நியமிப்பது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். 'தங்கள் கழகம்' என்பது அவர்கள் சொன்ன சொல். இருவரும் கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டிப் போனவர்கள் இல்லை என்பது பிறகு கதைத்ததில் தெரிந்தது.

"ரசிகர்மாரிட்ட வோட்டு எடுக்கோணும் மச்சான்."

"வோட்டு எடுத்து எடுத்து எங்கட நாடு நல்லா வந்ததுதானே! பழைய பிளேயர் ஒராளைப் போட்டா விசயம் முடிஞ்சுது."

"போன முறையும் பழைய பிளேயரைத்தானே போட்டவங்கள்?"

இப்படியே போனது. நான் காது கொடுத்துக் கேட்பதைக் கண்ட ஒருவன், "அங்கிள், நீங்க சொல்லுங்கோ. எப்பிடிப்பட்ட மனேஜர் வேணும்?" என்றான். நான் யோசிக்காமல், "அங்க பிளேயர்மாருக்கு வான் ஆர் ஒழுங்கு செய்யிறது?" என்று கேட்டுவிட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனிசனுக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அவர்கள்மேல் பிழையில்லை. மனேஜர் என்ற சொல் எனக்கு வேறு இடத்தில் பழுதாகிப் போனது.

அப்போது நான் கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். துறைமுகத்தில் வாஃப் கிளார்க் வேலை. அதாவது, கப்பலில் வந்த சாமானைச் சுங்கத்திலிருந்து விடுவிப்பதற்குப் பத்திரங்களோடு மேசைக்கு மேசை ஓடுகிறவன். அந்த ஓட்டத்தை அங்கிருந்த ஓர் உதைபந்தாட்டக் கழகத்தோடு மைதானத்திலும் ஓடிப் பார்த்தேன். ஒரேயொரு ஆட்டம். அதில் ஒரு கோலும் போட்டேன், எங்கள் பக்கத்துக்கே. அதன் பிறகு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். எழுத்து நன்றாக இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள்.

கழகத்தின் பெயர் சில்வர் ஃபிஷ். வெள்ளிமீன் என்று நினைத்து ஆரம்பித்தவர்கள் வைத்தது. அது புத்தகம் அரிக்கும் பூச்சியின் பெயர் என்பது தெரிவதற்குள் ஜேர்சி அச்சடித்தாகிவிட்டது. எங்கள் கழகத்தில் எல்லாமே இப்படித்தான், அர்த்தம் பிந்தித்தான் வந்து சேரும்.

எங்களுக்குக் கோச் பாறூக் நானா. மாளிகாவத்தை அடுக்குமாடி ஃபிளட்ஸில் வீடு, ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றமொன்றில் வேலை. முற்றத்தில் லொறிக்காரர்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல். விசிலை அவர் ஊதி நான் கண்டது குறைவு. ஐந்தடி உயரத்துக்கு மேல் ஓர் அங்குலம்கூட இருக்க மாட்டார். ஆனால் ஆறடிப் பெடியன்கள் அவர் முன்னால் குனிந்துதான் நிற்பார்கள், திட்டு காதில் சரியாக விழவேண்டும் என்பதற்காக.

பயிற்சி கொடுப்பது மட்டுமா அவர் வேலை? ஆட்டத்துக்குப் பெடியன்களை ஏற்றிப்போக வான் பிடிப்பது, ஆட்டக்காரர் பட்டியலில் கையெழுத்து வைப்பது, ஜேர்சிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கொண்டுவருவது, பாதி நேர இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டுவது எல்லாம் அவர்தான். எல்லாவற்றையும் ஒரு நீலப் பையில் சுமந்துகொண்டு பஸ்ஸில் வருவார்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து, சப்பாத்து நாடாவை அவிழ்த்தபடி என்னிடம் சொன்னார்: "செக்ரட்டரி மகன், எனக்கு ஏலாமப் போகுது. கமிட்டியில செல்லி ஒரு மனேஜரப் போடுங்களே. நான் பந்த மட்டும் பாக்கிறேன்."

இதைக் கவனமாகக் கேளுங்கள். எங்கள் ஊரில், எங்கள் தரத்துக் கழகங்களில், மனேஜர் என்றால் பை தூக்குகிறவர். வானும் தோடம்பழமும் அவர் பொறுப்பு. பாறூக் நானா கேட்டது அந்த மனேஜரை. தனக்கு ஒரு துணையை. எனக்கும் அப்போது அது நன்றாக விளங்கியது. எங்கே, எந்த நிமிடத்தில் விளங்காமல் போனது என்பதைத்தான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

தலைவர் அன்ரன் அண்ணைக்குச் சந்தியில் போட்டோகொப்பி கடை. அவர் பொதுக்கூட்டம் போட்டே தீரவேண்டும் என்றார். சனிக்கிழமை பின்னேரம், ஒரு ரியூட்டரி வகுப்பறை. கரும்பலகையில் யாரோ மாஸ்டர் அழிக்காமல் விட்டுப்போன இரசாயனச் சமன்பாடு. ஆட்டக்காரர்களைவிட ரசிகர்கள்தான் கூட வந்திருந்தார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று மேளம் அடிக்கும் கூட்டம் அது; அவர்களுக்குத் தலைமை றெஜி. பாறூக் நானாவுக்கு அன்றைக்கு முற்றத்தில் பின்னேர ஷிஃப்ட். அவர் கேட்ட விசயத்தைப் பேசக் கூடிய கூட்டத்தில் அவர் மட்டும் இல்லை.

அப்போதுதான் வீடுகளுக்குக் கேபிள் ரீவி வந்த புதிது. வார இறுதியானால் இங்கிலாந்து ஆட்டங்கள். கோட் போட்ட மனேஜர்மார் மைதான ஓரமாக நடந்து நடந்து கை காட்டுவதை எல்லோரும் பார்த்துத் தேறியிருந்தோம். நான் எழுந்து, "எங்கட கழகத்துக்கு மனேஜர் ஒராளை நியமிக்கிறது பற்றி..." என்று தொடங்கினேன். மிச்சத்தைச் சொல்ல விடவில்லை.

"நாங்கதான் தொண்ட கிழியக் கத்துறோம். மனேஜர நாங்கதான் தெரிவு செய்யணும்!" என்றான் றெஜி.

"அப்ப கமிட்டி எதுக்கு இருக்குது? தேத்தண்ணி குடிக்கவா?" இது அன்ரன் அண்ணை.

"இன்டர்வியூ வைப்போம்" என்றது பின்வாங்கில் இருந்து ஒரு குரல்.

"யாரு இன்டர்வியூ பண்ணுறது?"

"மனேஜர்தான்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அதைத்தான் இப்போது நினைத்தால் நம்பமுடியவில்லை. மனேஜரை மனேஜரே இன்டர்வியூ செய்யலாமா கூடாதா என்று நாங்கள் கால் மணித்தியாலம் விவாதித்தோம். றெஜி கரும்பலகையில் சமன்பாட்டுக்குப் பக்கத்தில் 'மனேஜர்' என்று எழுதிக் கீழே கோடிட்டான். பாதிப் பேர் கோட் போட்டவரைப் பற்றிப் பேசினார்கள், மீதிப் பேர் வான் பிடிப்பவரைப் பற்றி. இரண்டும் ஒரே ஆள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். வாக்கெடுப்பு நடந்தது. கைகள் எழுந்தன. எதற்கு எழுந்தன என்று கூட்டக் குறிப்பில் நான் எழுதவில்லை, எனக்குத் தெரிந்திருந்தால்தானே!

அடுத்து, யாரைப் போடுவது? நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் பெரியப்பாவின் சினேகிதர் கனகசபை சேர் பம்பலப்பிட்டியில் ஒரு வங்கிக் கிளையில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று சொன்னேன். சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னேன். றெஜியின் முகம் மலர்ந்துவிட்டது. "அனுபவம் இருக்குது! வேற என்னா வேணும்?" என்றான். மனேஜர் என்றால் மனேஜர்தானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் சேர்ந்து.

பாவம், கனகசபை சேர் நேர்மையான மனிதர். "தம்பி, எனக்குப் புட்போல் ஒரு சொட்டும் தெரியாது. ஆனா முப்பது பேரை வைச்சு வேலை வாங்கியிருக்கிறன்" என்றார். "அது போதும் சேர்" என்று சொன்னவன் நான்.

இனித்தான் கடிதம். நியமனம் செய்தால் கடிதம் எழுதவேண்டும் அல்லவா? கனகசபை சேருக்கு ஒன்று. கோச்சுக்கும் அறிவிக்கவேண்டும் என்று பாறூக் நானாவுக்கு ஒன்று. என் எழுத்துத் திறமையைக் காட்ட இதைவிட என்ன சந்தர்ப்பம்? அலுவலகத்தில் பழகிய நடையில், கழகத்துக்கு மனேஜர் ஒருவர் நியமிக்கப்பட்டுள்ளார் என்று எழுதினேன். அதோடு நிறுத்தினால் கடிதம் மொட்டையாக இருந்தது. ஆகவே ஒரு வரி சேர்த்தேன்: 'இதுவரை காலமும் தாங்கள் ஆற்றிய சேவைக்குக் கழகம் தனது மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறது.'

அன்ரன் அண்ணை வாசித்துவிட்டு, "சோக்கா எழுதியிருக்கிறீர்" என்றார். றெஜியும் பார்த்தான். மூன்று பேர் பார்த்த கடிதம். ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்பும்போது எழுதுகிற வரி அது என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அதை வாங்கியவருக்கு உடனே உறைத்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து என் அலுவலக வாசலில் காவலாளியிடம் நீலப் பையை ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். திறந்து பார்த்தேன். விசில், பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப், பத்திரிகைத் தாளில் சுற்றிய தோடம்பழக் கத்தி. ஜேர்சிகள் எல்லாம் கழுவி, இஸ்திரிக்கை போட்டு, இலக்க வரிசைப்படி அடுக்கப்பட்டிருந்தன. அதற்கு முன் எங்கள் ஜேர்சிகள் இஸ்திரிக்கையைக் கண்டதே கிடையாது. அந்த மடிப்புகளைப் பார்த்தபோதுதான் நல்ல மனிதரை அவமதித்துவிட்டோம் என்று தெரிந்தது. ஆனால் எப்படி அவமதித்தோம் என்று அப்போதும் முழுதாக விளங்கவில்லை.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. தலைவர் கதைப்பார் என்று நான் இருந்தேன். செயலாளர் கதைத்திருப்பான் என்று அவர் இருந்தார். இதெல்லாம் புது மனேஜரின் வேலை என்று றெஜி இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். கனகசபை சேர் டை கட்டிக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்து, "ஃபைல் எங்க?" என்று கேட்டார். யாரை எந்த இடத்தில் ஆடவிடுவது என்று அவரிடம் கேட்டார்கள். "வழமையா எப்பிடிச் செய்யிறனீங்கள்?" என்றார். வழமை மைதானத்தின் மறுபக்கத்தில் நின்றது. ஆம், பாறூக் நானா வந்திருந்தார். தூரத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால், றெஜியின் மேளக்காரர்களுக்கு நடுவில், ஒரு ரசிகராக.

பாதி நேர விசில் ஊதியதும், ஒருவரும் சொல்லாமல், பதினொரு பேரும் பழக்கதோசத்தில் அவரிடம் ஓடினார்கள். தோடம்பழத் தட்டைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் டை காற்றில் பறக்கக் கனகசபை சேர். பார்த்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பாறூக் நானா சிரிக்கவில்லை. பெடியன்களைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "மனேஜர் ஈக்கிறாரே. அவருட்டப் போங்க மகன்."

அவர் குரலை உயர்த்தாமல் பேசி அன்றுதான் கேட்டேன்.

கனகசபை சேர் மூன்று ஆட்டங்களோடு மரியாதையாக விலகிக்கொண்டார். பை என்னிடம் இருந்தபடியால் வானும் என் தலையில் விழுந்தது, பிறகு ஜேர்சி, பிறகு தோடம்பழம். இரண்டு வருடம் சுமந்தேன். பாறூக் நானா கேட்ட மனேஜர் அப்படியே, அவர் கேட்ட அத்தனை வேலையோடும் கிடைத்துவிட்டான். கோச்தான் இல்லை.

சில வருடங்களின் பின் கடலோரத்துப் பம்பலப்பிட்டி ரயில் நிலையத்தில் அவரைக் கண்டேன். கையில் ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பி. "செக்ரட்டரி மகன்தானே?" என்று அவர்தான் முதலில் பேசினார். "இப்ப வேனெல்லாம் ஆரு பாக்கிற?"

"நான்தான் நானா."

"அப்ப மனேஜர் கெடச்சிட்டு" என்று சிரித்தார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு, "வேல கூடன்டு நான் செல்லிருக்கப்படாது. அதுக்குத்தானே நிப்பாட்டின?" என்றார்.

அத்தனை வருடமும் அவர் அப்படித்தான் நினைத்திருக்கிறார். களைப்பாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதற்குத் தண்டனை என்று. நான் பதறிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம், கரும்பலகை, கோட் போட்ட மனேஜர், வங்கி மனேஜர், மொட்டையாக இருந்த கடிதம். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. உண்மை அத்தனையும் அவசரத்தில் கட்டிய பொய்யைப்போல இருந்தது. அவர் என் தோளில் தட்டி, "சரி மகன், நடந்தது நடந்திட்டு" என்றார். நம்பவில்லை. என்னை மன்னித்தார். எனக்கு வேண்டியிருந்தது மன்னிப்பு அல்ல, அவர் நம்புவது.

அவர் காலமான செய்தி கழகத்தின் வாட்ஸப் குழுவில் வந்தது. அதற்குள் கழகம் என்று இருந்தது அந்தக் குழு மட்டும்தான். மைதானம் லொறிகள் தரிக்கும் இடமாகி, தகர வேலி ஏறிவிட்டது. றெஜி கனடாவில். அன்ரன் அண்ணையின் கடை இருந்த இடத்தில் போன் திருத்துகிறார்கள்.

ஜூஸ் கடை இளைஞர்களில் ஒருவன் எழும்பும்போது என்மேல் இரக்கப்பட்டு விளக்கம் சொன்னான். "அங்கிள், இப்ப அங்கயும் மனேஜர் எண்டு சொல்றது குறைவு. ஹெட் கோச் எண்டுதான் போடுவாங்கள். மற்ற வேலைக்கெல்லாம் வேற ஆக்கள்." பாறூக் நானா சப்பாத்து நாடாவை அவிழ்த்தபடி கேட்டது இதைத்தானே?

இப்போது இருக்கும் வெள்ளவத்தை வீட்டில் அலுமாரிக்கு மேல் நீலப் பை இன்னும் இருக்கிறது. வீடு மாறும்போதெல்லாம், இது யாருடையது, எறியட்டுமா என்று மனைவி கேட்பாள். கழகத்துடையது என்பேன். உள்ளே அடியில் ஒரு ஜேர்சியை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். அவர் வீட்டில் போட்ட இஸ்திரிக்கை மடிப்பு அதில் இன்னும் கலையவில்லை.